பழைய சேலையும் வெட்டுத்துணியும்: திரையா, போர்வையா, மிதியடியா, திண்டா?

பீரோவின் கீழ்த்தட்டில் பத்துப் பன்னிரண்டு பழைய காட்டன் சேலை, இன்னொரு தரம் துவைத்தால் கிழிந்துவிடும் என்ற நிலையில் இரண்டு வேட்டி, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பனியன்கள், கூடவே தெருமுனைத் தையல்காரர் கொடுத்த ஒரு பை நிறைய ஜாக்கெட் வெட்டுத்துணி. பல வீடுகளில் இந்த மூட்டை வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வருவதில்லை. இதை வைத்து வீட்டுக்கு ஏதாவது செய்யலாம் என்று கேட்டால் ஒருவர் திரைச்சீலை என்பார், இன்னொருவர் ஒட்டுப்போட்ட போர்வை என்பார், மிதியடி பின்னச் சொல்லி ஒரு வீடியோவை யாராவது அனுப்புவார்கள், கடைசியில் எதுவும் நடக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுத்துணியை எவ்வளவு நாள் முழுத்துணியாக வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நாள் வைத்திருங்கள். சேலை இன்றைக்குத் திரைச்சீலையானால் சில வருஷம் கழித்து போர்வையின் உள் அடுக்காகலாம், அதற்கப்புறம் மிதியடியாகலாம், அதுவும் போனால் கரித்துணி. ஆனால் முதல் நாளே கத்தரித்து இரண்டு அங்குலப் பட்டைகளாக்கிவிட்டால் அதை மறுபடி எதுவாகவும் ஆக்க முடியாது. நம் வீடுகளில் இது புதுசும் இல்லை. நூல் சேலை தூளியானது, தூளி கைத்துணியானது, பழைய வேட்டி மொட்டைமாடியில் வடாம் பிழியப் போனது, எல்லாம் இந்த வரிசையில்தான் நடந்தது.

## எதை வைத்து முடிவு செய்வது

பார்க்க எது அழகு என்பதிலிருந்து ஆரம்பித்தால் தப்பாகத்தான் போகும். நான் பார்ப்பது இவற்றை:

துணி என்ன ரகம். தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து நாலு நூலைப் பிரித்து, இடுக்கியால் பிடித்து, சிங்க் மேலே வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டில் முடி கருகும் வாசனை வரும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் சாம்பலும் வரும், நடுவில் கெட்டித் துணுக்கும் இருக்கும். தண்ணீரை உறிஞ்ச வேண்டிய எதற்கும் பாலியெஸ்டர் உதவாது, உடம்பில் படுகிற எதற்கும் நம்ம ஊர் வெயிலில் அது சரிப்படாது.

இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடியுங்கள். சேலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல நைவதில்லை. உட்காரும் பகுதி மெலிந்திருக்கும், கொசுவத்தின் கீழ்விளிம்பு தேய்ந்திருக்கும், முந்தியில் பின் குத்திய தோள்பட்டை இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளும் துரு வட்டங்களும் இருக்கும். ஃபால்ஸைப் பிரித்துப் பார்த்தால் அதற்கு அடியில் நிறம் மங்காமல் ஒரு பட்டை அப்படியே இருக்கும், சேலை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பது அதைப் பக்கத்துத் துணியோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்துத் துணியை இழுங்கள், முதலில் பாவு நூல் வாக்கில், அதாவது நீளவாக்கில், அப்புறம் ஊடை வாக்கில், அதாவது குறுக்கே. 'சர்ர்' என்று பிரிந்தால் அந்தப் பகுதி திரைக்கும் ஆகாது, போர்வையின் மேல் பக்கத்துக்கும் ஆகாது.

எப்படித் துவைப்பது, எங்கே காயவைப்பது. பெரும்பாலானோர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாத எதுவும் அடுத்த வருஷம் குப்பைக்குத்தான் போகும்.

உங்கள் நேரமும் கையில் இருக்கும் கருவியும். தையல் மெஷின் உண்டா, ஊசி நூல் மட்டும்தானா?

புதிதாக என்ன வாங்க வேண்டும். லைனிங், ஜிப், ஃபைபர், பசை, வளையம். பழைய துணியை மிச்சம் பிடிக்கப் போய் புதுச் சாமான்களை வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை.

இது எதற்குப் பதிலாக வருகிறது. கடையில் வாங்கவிருந்த ஒரு பொருளை இது நிறுத்துகிறதா? நிறுத்தினால் செய்யுங்கள். இல்லையென்றால் வீட்டில் தூசி படிய இன்னொரு பொருள்தான் சேரும்.

எதைச் செய்வதானாலும் முதலில் துணியைத் துவைத்துக் கஞ்சியைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். கஞ்சி போட்டு மடித்து வைத்த நூல் சேலைதான் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. சாயம் ஓடுமா என்பதையும் அப்போதே பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் வெள்ளையில் நிறம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் அது பெரிதாக எதையும் செய்வதில்லை. ஓடுகிற துணியைத் தனியாக வையுங்கள், வெளிர்நிறத்தோடு சேர்த்துத் தைக்காதீர்கள்.

## முழுச் சேலையில் திரைச்சீலை

ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் பெரும்பாலும் 45, 46 அங்குலம். ஏழடி வாசலுக்கு மேலும் கீழும் மடிக்க எட்டு அங்குலம் சேர்த்தாலும் ஒரு திரைக்கு 7 அடி 8 அங்குலம் போதும், ஆக ஒரு சேலையில் இரண்டு திரை வந்து இரண்டரை அடிக்கு மேல் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தை முந்திப் பக்கமாகவே வெட்டி எடுங்கள். அப்போது இரண்டு திரையும் ஏறக்குறைய ஒன்றுபோல அமையும், முந்தி தனியாக ஒரு குஷன் உறைக்குத் தாராளமாகப் போதும். கரை இரண்டு பக்கமும் நெட்டாக இறங்கும், பக்கவாட்டில் ஓரம் மடித்து அடிக்கிற வேலையே கிடையாது. நான்கடி ஜன்னலாக இருந்தால் ஒரு சேலையில் மூன்று திரை வெட்டலாம்.

அகலத்தில் ஏமாந்துவிடாதீர்கள். திரை சுருக்கம் விழுந்து அழகாகத் தொங்க வேண்டுமானால் ஜன்னலின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது துணி இருக்க வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. மூன்றடி வாசலுக்கு ஒரு 46 அங்குலத் திரை மட்டும் போட்டால் துண்டு விரித்த மாதிரி தட்டையாக நிற்கும், இரண்டையும் போட்டால்தான் சரியாக வரும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று லைனிங். நைந்த நூல் சேலை வழியாக வெளிச்சம் தாராளமாக வரும், இரவில் விளக்குப் போட்டால் உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியும். படுக்கையறைக்கு லைனிங் வேண்டும் என்றால் ஒரு ஜோடி வாசல்திரைக்கு 5 மீட்டர் புதுத்துணி வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு பழைய வெளிர்நிறச் சேலையையே லைனிங்காக வைத்துவிட்டால் இந்தச் செலவே இல்லை, நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இரண்டாவது, வெயில். மேற்குப் பார்த்த ஜன்னலில் போட்டால் சாயங்கால வெயில் நூலை நேரடியாகத் தின்னும், ஏற்கெனவே வயதான பருத்தி ஓரிரு கோடைக்குள் மடிப்பு மடிப்பாக வெடிக்க ஆரம்பிக்கும். அங்கே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் லைனிங் வெயில் பக்கம் இருக்கட்டும், சேலைக்கு முன்னால் அது போகும்.

மேலே தொங்கவிட ஐலெட் வளையம் அடிக்க வேண்டாம். அது அடித்த இடத்தில் துணியை வெட்டியாகிவிட்டது, பின்னால் எதற்கும் ஆகாது. கம்பி நுழையும் அளவுக்கு மடித்து ஒரு தையல் ஓட்டினால் போதும், நாளைக்குப் பிரித்து எடுக்கலாம். அடுப்பங்கரை ஜன்னலில் மட்டும் தொங்கும் திரை வேண்டாம், காட்டன் பற்றி எரியும், சிந்தெடிக் உருகிச் சொட்டும்.

மொத்தத்தில் உழைப்பு மிகக் குறைவு, துணிக்குச் சேதம் மிகக் குறைவு, கடையில் வாங்கவிருந்த பொருளை நிஜமாகவே தவிர்க்கிறது. சேலை பலமாக இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இதில் ஆரம்பிக்கலாம்.

## அடுக்குப் போர்வையும் ஒட்டுப்போர்வையும்

இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். ஒன்று முழுச் சேலைகளை அடுக்கித் தைப்பது, மற்றது சின்னத் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு துணியாக்குவது. உழைப்பில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அடுக்குப் போர்வைக்கு வங்காளத்தின் காந்தாதான் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். நைந்த சேலையையும் வேட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத்தையலால் (ரன்னிங் ஸ்டிச்) நெருக்கமாகத் தைப்பது. தைக்கும் நூலைக்கூட பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்திருக்கிறார்கள். ஒரு சேலையின் வலிமை போய்விட்டாலும் நான்கு அடுக்கைப் பிணைத்துவிட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்பதுதான் இதன் சூட்சுமம். எனவே திரைக்கு ஆகாத மெலிந்த சேலைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கணக்கும் எளிது. சேலையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 46 அங்குல அகலம், 9 அடி நீளம், இரண்டு அடுக்கு. இரண்டு சேலை வைத்தால் நான்கு அடுக்கு. ஏழடிக்கு வெட்டிக்கொண்டால் ஒரு ஆள் போர்த்திக்கொள்ளச் சரியான அளவு, ஒரு கிலோவுக்குப் பக்கமாக எடை, ஏசி அறைக்கும் மார்கழிக்கும் போதுமான கதகதப்பு. இரட்டைக் கட்டிலுக்கு என்றால் ஒரு சேலையைப் பாதியாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால் ஏழரை அடிக்கு ஒன்பதடி வரும், அப்படி மூன்று சேலை மூன்று அடுக்கு. நடுவில் ஃபைபர் ஷீட் வைக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அது பாலியெஸ்டர், நம் ஊரில் சூடு, துவைத்தால் திரண்டு போகும், கடைசியில் அந்தப் போர்வையைத் தூக்கி எறியவைப்பதும் அதுதான்.

கையால் தைத்தால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் முப்பது வரி. ஏழடி வரி ஒன்று ஓட்ட நிதானமாகத் தைப்பவருக்கு அரைமணிக்கு மேல் ஆகும், ஆக இருபது மணி நேரத்தை ஒட்டி வரும். டிவி பார்த்துக்கொண்டே தைக்கலாம், அவசரம் இல்லாதவருக்கு மனசுக்கு இதமான வேலை. மெஷினில் ஒரே நாளில் முடிந்துவிடும், ஆனால் நான்கு அடுக்குக்குச் சாதாரண 14ஆம் நம்பர் ஊசி திணறும், 16 போடுங்கள். தைக்கும் முன் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய கைத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடியிலுள்ள சேலை நகர்ந்து மடிந்து போயிருப்பது கடைசி வரியில்தான் தெரியும்.

இனி ஒட்டுப்போர்வை. ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டி இணைப்பது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், அப்போது வெளியே தெரிவது நாலரை அங்குலம். அதாவது துணியில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே மறைந்துவிட்டது. மூன்று அங்குலச் சதுரமென்றால் போவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒற்றைக் கட்டில் போர்வையின் மேல் பக்கத்துக்கு மட்டும் 190 சதுரம் வேண்டும். ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு, வெட்டி, தைத்து, மறுபடி இஸ்திரி போட வேண்டும். அதற்கப்புறமும் அடித்துணி, நடு அடுக்கு எல்லாம் பாக்கி. துணியை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இது நல்ல வழியே இல்லை. அந்த வடிவம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, செய்வதில் ஆசை இருக்கிறது என்றால் அது தாராளமான காரணம், செய்யுங்கள்.

கையில் இருப்பது கோணல்மாணல் வெட்டுத்துணி மட்டும்தான் என்றால் வடகர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் செய்யும் கவண்டியைப் பாருங்கள். ஆப்பிரிக்க வழிவந்த அந்தச் சமூகத்தின் போர்வை முறை அது. அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, வெளி ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளின் விளிம்பை மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஒரே ஓட்டுத்தையலாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவது. சதுரமாக வெட்ட வேண்டியதில்லை, முதலில் மேல்துணி தைத்து அப்புறம் அடுக்கைப் பிணைக்கும் இரட்டை வேலை இல்லை, துண்டு எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் உட்கார்ந்துகொள்ளும். வெட்டுத்துணிக்கு எனக்குத் தெரிந்து இதற்கு மிஞ்சிய முறை இல்லை.

ஒரு எச்சரிக்கை. தையல்காரர் பையில் டூ பை டூ, பாப்ளின், லைனிங் துணி, க்ரேப், சாட்டின் எல்லாம் கலந்து கிடக்கும். புதுப் பாப்ளினையும் நைந்த சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் முதல் துவைப்பில் புதுசு சுருங்கும், பழசு அந்த இணைப்பிலேயே கிழியும். பனியன் துணியை நெசவுத் துணியோடு சேர்க்கவே கூடாது, இழுபட்டு நெளிந்துவிடும்.

## மிதியடி

வீடியோக்களில் பார்க்க இதைப் போல எளிதாகத் தெரிவது வேறில்லை. இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, சடை பின்னி, சுற்றிச் சுற்றித் தைத்தால் முடிந்தது. பட்டைகளை இணைக்க ஊசிகூட வேண்டாம், இரண்டு முனையிலும் சிறிய துளை போட்டு ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். சடைகளைச் சேர்க்கக் கோணி ஊசியும் தடித்த நூலும் போதும்.

முதல் ஆச்சரியம், இது தின்னும் துணி. இரண்டடிக்கு மூன்றடி மிதியடிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ துணி இறங்கும். நூல் சேலை ஒன்று அரைக்கிலோவைச் சுற்றி இருக்கும் என்றால் மூன்று நான்கு சேலை ஒரே மிதியடியில் போய்விட்டது. மூட்டையைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும் என்பவருக்கு இது வசதி. ஆனால் நல்ல சேலையை இதற்குக் கிழிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பனியன், நைட்டி, லெக்கிங்ஸ், கறை பிடித்த பெட்ஷீட், கிழிந்த லுங்கி, இவைதான் மிதியடிக்குரியவை. பனியனைக் கீழிருந்து சுருள் சுருளாக ஒரே நீளப் பட்டையாக வெட்டி இழுத்துவிட்டால் ஓரம் தானே சுருண்டுகொள்ளும், பிசிறே தெரியாது. இன்னும் வேண்டுமென்றால் திருப்பூரில் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் விற்கிறார்கள். கம்பெனிகளில் கட்டிங்கில் விழும் துண்டுதான் அது, மெக்கானிக் கடைகளில் எண்ணெய் துடைக்கப் போவதில் பெரும்பகுதி அதுவே.

வட்டமாகச் சுற்றும்போது வளைவில் நூலை இறுக்கி இழுத்தால் மிதியடி நடுவில் குழிந்து தட்டுபோல எழும்பி நிற்கும். வெளிச் சுற்றுக்கு எப்போதும் உள் சுற்றைவிட நீளம் அதிகம் வேண்டும், எனவே வளைவுகளில் சடையைத் தளர்த்திக் கொடுத்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தரையில் தட்டையாக வைத்துப் பாருங்கள், ஐந்தாறு சுற்றுக்கு அப்புறம் பார்த்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

இதன் நிஜமான விலை பின்னால்தான் தெரியவரும். சடைமிதியடி ஈரம் பட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆனாலும் காயாது, அப்புறம் வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். அதனால் குளியலறை வாசலுக்கு இதைப் போடாதீர்கள். பழைய துவாலையை இரண்டாக மடித்து நான்கு பக்கமும் நடுவில் குறுக்காகவும் ஒரு தையல் போட்டால் அதைவிட நல்ல மிதியடி கிடையாது, வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காயும். சடைமிதியடி கட்டிலோரத்துக்கு, பூஜை அறைக்கு, உட்கார்ந்து காய் நறுக்கும் இடத்துக்கு. டைல்ஸ் தரையானால் வழுக்கும், அடியில் ரப்பர் வலை வாங்கிப் போட்டே ஆக வேண்டும். வயதானவர் நடக்கும் வழியில் இதை வைக்கவே வேண்டாம், ஓரம் தடுக்கினால் இடுப்பெலும்பு முறிந்துவிடும்.

## குஷன், திண்டு, மோடா

உறை வேறு, உள்ளே அடைப்பது வேறு. உறை தைப்பது யாருக்கும் நஷ்டமில்லாத வேலை. முந்தி, கரை, பட்டுப்பாவாடையின் நல்ல பகுதி எதுவும் ஆகும். ஜிப்புக்குப் பதிலாகப் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரும்படி இரண்டு துண்டு வைத்துத் தைத்துவிட்டால் வாங்க வேண்டியது நூல் மட்டும்தான்.

அடைப்பதில்தான் யோசிக்க வேண்டும். 16 அங்குலக் குஷனில் வெட்டிய துணியை அடைத்தால் இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும், கல்லு மாதிரி இருக்கும், நாள் போகப் போகக் கட்டி கட்டியாகத் திரளும். தலையணைக்கு இதைச் செய்யவே கூடாது, கழுத்துதான் வலிக்கும். அதற்கு இலவம் பஞ்சு இருக்கிறது. போடி, தேனி பக்கத்திலிருந்து வருகிறது, மரத்தில் காய்த்தது, லேசாக இருக்கும், வெயிலில் காயவைத்தால் மறுபடி உப்பும். ஆனால் அதற்கு நெருக்கமாக நெய்த மெத்தைத் துணிதான் உறையாக வேண்டும், நைந்த சேலையில் அடைத்தால் பஞ்சு வீடெல்லாம் பறக்கும்.

கனம் குறையாக இல்லாமல் நிறையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. சுவரில் சாய்ந்துகொள்ளும் திண்டு, தரையில் போட்டு உட்காரும் மோடா. ஒன்றரை அடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள மோடா ஏழெட்டு கிலோ துணியை விழுங்கும், இடத்தைவிட்டு நகராது, அமுங்கியும் போகாது. வேறு எதற்கும் ஆகாத பாலியெஸ்டர் துண்டு, நூல் பிசிறு, ஃபால்ஸ், எலாஸ்டிக் போன இடுப்புப் பட்டை எல்லாவற்றுக்கும் கடைசி இடம் இதுதான். பட்டன், கொக்கி, ஜிப்பை மட்டும் பிரித்துவிடுங்கள். துண்டுகளை உள்ளங்கை அளவுக்குக் கீழே நறுக்குங்கள், முக்கியமாக நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் ஒரு பிடி உள்ளே போனாலும் மொத்தமும் நாறும். அடைத்த பையைத் துவைக்க முடியாது என்பதால் உள்பை ஒன்று, கழற்றித் துவைக்கும் மேலுறை ஒன்று என்று இரண்டாகத் தைக்க வேண்டும். இந்த மேலுறைக்கு ஜிப் வாங்கலாம், அது செலவில் சேர்த்தி இல்லை.

## சுவர் அலங்காரம்

துணித் தோரணம், வளையத்தில் மாட்டிய துண்டு, கேன்வாஸில் ஒட்டிய சேலைக் கரை. சீக்கிரம் முடியும், பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம், பண்டிகைக்கு அழகாக இருக்கும். ஆனால் பசையால் ஒட்டியது எதையும் துவைக்க முடியாது, தூசி படிந்ததும் துணியோடு அட்டையும் குப்பைக்குப் போகும். ஊசியால் தைத்த தோரணமாக இருந்தால் துவைத்து எடுத்து வைத்து அடுத்த பொங்கலுக்கும் கட்டலாம்.

விரல் அளவுத் துண்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு சுனாமிகா என்ற பொம்மையைச் சொல்லலாம். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம், மிச்சத் துணியில் விரலளவு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. துயரத்திலிருந்த பெண்களுக்கு அந்தத் துண்டுகள் கைவேலையும் வருமானமும் ஆயின.

## செய்யாமல் கொடுத்துவிடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், தோல்வி இல்லை. கட்டக்கூடிய நிலையில் இருக்கும் சேலையை அலங்காரத்துக்காக வெட்டுவதைவிட இன்னொருவர் கட்டிக்கொள்வது எல்லா வகையிலும் மேல். 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு துணிகளை வாங்கித் தரம்பிரித்து ஊர்ப்புறங்களுக்கு அனுப்புகிறது, உடுத்த ஆகாத காட்டனிலிருந்து மாதவிடாய்த் துணியும் தைக்கிறது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தால் அவரிடம் போவதும் பெரும்பாலும் மறுபடி யாரோ உடுத்தத்தான்.

கொடுக்கும்போது துவைத்து, கிழிசல் இல்லாததைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். கிழிந்ததையும் கறையானதையும் சேர்த்துக் கட்டினால் நம் குப்பையை இன்னொருவர் தலையில் இறக்கிவைத்ததாகத்தான் ஆகும்.

பழைய பட்டுச்சேலைக்கு ஒரு சொல். அசல் ஜரிகையில் வெள்ளி உண்டு, அதற்காகவே எடைபார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குஷன் உறைக்குக் கத்தரி வைக்கும் முன் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | ஏற்ற துணி | எவ்வளவு போகும் | உழைப்பு | வாங்க வேண்டியது | துவைக்க, காய | பின்னால் வேறு ஆகுமா |
|---|---|---|---|---|---|---|
| திரைச்சீலை | பலமான முழுச் சேலை | வாசல் ஜோடிக்கு 1 சேலை | அரை நாள் | நூல், சில சமயம் லைனிங் | எளிது | நன்றாக ஆகும் |
| அடுக்குப் போர்வை | மெலிந்த நூல் சேலை, வேட்டி | ஒருவருக்கு 2 சேலை | கையால் 20 மணி நேரம், மெஷினில் ஒரு நாள் | நூல் | வெயில் காலத்தில் ஒரே நாள் | மிதியடியாகும் |
| சதுர ஒட்டுப்போர்வை | ஒரே ரகக் காட்டன் துண்டுகள் | 190 சதுரம், அடித்துணி | மிக அதிகம் | நூல், இஸ்திரிக்குக் கரண்ட் | சுமார் | கடினம் |
| கவண்டி | கோணல் வெட்டுத்துணி | ஒரு சேலை, துண்டுகள் | அதிகம் | நூல் | சுமார் | கடினம் |
| சடைமிதியடி | பனியன், பெட்ஷீட், லுங்கி | 1.5 முதல் 2 கிலோ | இரண்டு மூன்று நாள் | ரப்பர் வலை | மழையில் காயாது | ஆகாது |
| திண்டு, மோடா | எதுவும் | 7, 8 கிலோ | ஒரு நாள் | ஜிப் | மேலுறை மட்டும் | உள்துணி கடைசி இடம் |

## யாருக்கு எது

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறீர்கள் என்றால் திரைச்சீலை. புது வீட்டு ஜன்னல் அளவு வேறாக இருந்தாலும் கீழ்மடிப்பைப் பிரித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். மோடா பக்கம் போகாதீர்கள், எட்டு கிலோவை ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்ற வேண்டும்.

மெஷின் இல்லை, ஆனால் சாயங்காலம் கை சும்மா இருக்கிறது என்பவருக்கு அடுக்குப் போர்வை. பார்வை மங்கிய பாட்டிமார்கள்கூட நீளத் தையலாக ஓட்டுகிறார்கள், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் போதும்.

நேரமே இல்லை, மூட்டை மட்டும் உறுத்துகிறது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாகப் பிரியுங்கள். உடுத்த ஆகிறது கொடுக்க, பலமாக இருக்கிறது திரைக்கு, மீதி எல்லாம் ஒரு பழைய தலையணை உறைக்குள். அந்த உறை நிறைந்ததும் வாயைத் தைத்துவிட்டால் அதுவே திண்டு.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நைந்த நூல் சேலைக்கும் வேட்டிக்கும் வேறு எந்த யோசனையும் வேண்டாம். இரண்டடுக்கு வைத்துச் சின்னச் சின்ன விரிப்பாகத் தைத்து வையுங்கள், அவ்வளவு மிருதுவான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஜரிகைக் கரையும் பின் குத்தித் துருப்பிடித்த இடமும் இருந்தால் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

இறந்துபோன அம்மாவின் சேலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவற்றைச் சதுரமாக வெட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ஒட்டுப்போர்வை என்று ஆரம்பிக்காதீர்கள், அது பாதியில் நின்றால் சேலையும் இல்லை, போர்வையும் இல்லை. இரண்டிரண்டு சேலையாக அடுக்கி, ஒன்றின் உடல் மேலே தெரியும்படி, முந்தி தலைமாட்டில் வரும்படி, ஓட்டுத்தையல் மட்டும் போடுங்கள். நீளம் அதிகமாக இருந்தாலும் வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்துவிடலாம். எப்போதாவது தையலைப் பிரித்தால் சேலை முழுசாக இருக்கும்.